வாளித் தண்ணீரில் ஒரு பாட்டில்

அசையாதீர்கள் என்று சொன்ன பிறகுதான் உடம்பில் இத்தனை இடம் அசைகிறது என்று தெரிகிறது. கால் கட்டைவிரல் தானாக மடங்குகிறது, இடது கண்ணிமை துடிக்கிறது, வாய்க்குள் நாக்கு தன் பாட்டுக்குப் பல்லைத் தடவிக்கொண்டே இருக்கிறது. முன்னால் சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசை, அதன் மேல் தலையணை, தலையணையைக் கட்டிக்கொண்டு என் இரண்டு கைகள், கைகளின் மேல் நெற்றி. சட்டையைக் கழற்றிக் கட்டில் கம்பியில் போட்டுவிட்டு முதுகை டாக்டரம்மாவிடம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். யாரையும் முகத்துக்கு நேராக முறைத்துப் பழகியவன் நான். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாமல் இருப்பது போல ஒரு கொடுமை இல்லை. தெரிவது தரை மட்டும்தான். சிஸ்டர் சுஜாவின் வெள்ளைச் செருப்பு, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று, அதற்குள் தொங்கும் குழாய். ஜாடி காலியாக இருக்கிறது. அது நிறையப்போவது என்னிடமிருந்து. கொஞ்ச நேரம் முன்னால் விலாவில் சில்லென்று எதையோ தடவி மிஷினை வைத்து அழுத்தி, டாக்டரம்மா திரையைக் காட்டினார். கறுப்பாக இருப்பதெல்லாம் தண்ணீர், நடுவில் ஆடுகிறதே, அதுதான் உங்கள் நுரையீரல் என்றார். பார்த்திருக்கக் கூடாது. கிணற்றுக்குள் உறிஞ்சுகுழாயின் அடி முனையில், ஃபுட்வால்வில் சிக்கிய பழந்துணி தண்ணீரில் ஆடுமே, அப்படி ஆடியது. நாற்பது வருஷம் பம்ப் மெக்கானிக். முழுகின மோட்டாரை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். குழியில் தண்ணீர் ஏறிவிட்டால் மோட்டார் கத்தாது. உம்மென்று ஒரு சத்தம் போடும், சுற்றாது. ஐந்து மாதமாக நான் அப்படித்தான் உம்மென்று இருந்தேன். நாலு படி ஏறினால் நின்றேன். படுத்தால் நெஞ்சில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று சுவரில் சாய்ந்தே தூங்கினேன். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் ஐயா என்று டாக்டரம்மா இப்போது பின்னால் சொல்கிறார். எறும்பு இல்லை, தேள். பிறகு அந்த இடம் மரத்துப்போகிறது. வலி போன பிறகு பயம் அதிகமாகிறது. வலித்தால் ஊசி எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

பெரிய ஊசி போகப்போகிறது, இருமல் வந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஆழமாக மூச்சு இழுக்காதீர்கள் என்கிறார். ஆழமாக இழுக்க முடிந்தால் நான் ஏனம்மா இங்கே வருகிறேன். நான் அசைந்தால் என்ன ஆகும் என்று காலையிலேயே கேட்டுவைத்திருக்கிறேன், கேட்காமல் இருந்திருக்கலாம். ஊசி நுரையீரலில் பட்டுவிட்டால் காற்று வெளியே வந்து பிடித்துக்கொள்ளும், அபூர்வமாக நடக்கும் என்றார். அபூர்வமாக நடப்பது யாருக்கோ நடக்கத்தானே செய்கிறது. காற்றுப் பிடிப்பது எனக்குத் தெரியும். உறிஞ்சுகுழாயில் மயிரிழை ஓட்டை போதும், மோட்டார் ஓடும், பம்ப் சுற்றும், ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. விலாவுக்கு நடுவில் ஏதோ அழுத்துகிறது, இன்னும் அழுத்துகிறது, டப்பென்று உள்ளே எதையோ தாண்டுகிறது. அவ்வளவுதான், வந்துவிட்டது, அப்படியே இருங்கள் என்கிறார். குழாயில் வருகிறது. முதல் தடவை எடுப்பதற்கு முன்னால் நான் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். போன தடவை கடுங்காப்பியில் பாலை ஒரு சொட்டு விட்ட நிறம். இன்றைக்கு நன்னாரி சர்பத். சிவப்பு. சிஸ்டர், அது ரத்தமா என்று கேட்டேன். ரத்தம் கலந்த நீர், பயப்பட வேண்டாம் என்றார் மலையாளம் கலந்த தமிழில். அவருக்கென்ன, நாளைக்கு நாலு பேருக்கு எடுப்பார். அதில் கொஞ்சத்தை முதலிலேயே தனி பாட்டிலில் பிடிக்கிறார்கள். அந்தப் பாட்டில்தான் இன்றைக்கு எல்லாம். ஸ்கேனிலேயே புற்று என்று தெரிந்துவிட்டது. எந்த வகைப் புற்று என்று இந்த நீர்தான் சொல்லும் என்று டாக்டரம்மா காலையில் எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். ஒரு வகை இருக்கிறதாம். அதற்குத் தினம் ஒரு மாத்திரை, வீட்டிலிருந்தே சாப்பிடலாம், சிலர் வருஷக்கணக்கில் நடமாடுகிறார்களாம். அந்த வகை இல்லையென்றால் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும், என் இதயம் அதைத் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். அந்தப் பரிசோதனை இங்கே இல்லை. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு லேபுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இன்னொரு தடவை கெட்டுப்போனால் திரும்ப எடுக்க உங்கள் உடம்பில் தெம்பு இருக்குமோ என்னவோ என்றார். கொண்டுபோக உங்கள்கூட யார் வந்திருக்கிறார்கள் என்றார். வெளியே பெஞ்சில் அந்த ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆள் என்பது நாச்சிமுத்து. என் தங்கை மயிலாத்தாளின் வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை. ஐந்து மாதமாக நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வேன், அவர் கேட்டுக்கொள்வார். என் மனைவி போய் ஆறு வருஷம், பிள்ளையும் இல்லை, வேறு யார் வருவார்கள், அதனால்தான் வருகிறார். அதற்காக எதையும் மறந்துவிட முடியுமா. பதினாலு வருஷம் முன்னால் அவர் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் வாங்கினார், சொந்த மச்சான் நான் கணபதி ஏரியாவில் பட்டறை வைத்திருக்க, பீளமேட்டில் எவனோ ஒருவனிடம். கேட்டால், உங்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்றுதான் மச்சான் என்றார். அந்த மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது, அது இன்னும் எரிச்சல். அவருடைய மொபெட் ஒன்று இருக்கிறது. என்னைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் என் வாசலில் நின்று எட்டு உதை, ஒன்பது உதை உதைத்துத்தான் கிளப்புவார். கார்புரேட்டரில் அழுக்கு. பத்து நிமிஷ வேலை. அதுவரைக்கும் சோக்கை இழுத்துவிட்டு உதைத்தால் இரண்டாவதில் பிடிக்கும். நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து உதைகளை எண்ணுவேன், சொல்ல மாட்டேன். உதைக்கட்டும். என் தண்ணீரைக் கெடுத்தவர். அரை லிட்டர் தாண்டியது என்கிறார் சிஸ்டர். ஐயா நல்லா இருக்கிறீர்களா என்கிறார் டாக்டரம்மா. நல்லா இருக்கிறேன் என்கிறேன், நெஞ்சு எங்கேயோ இழுக்கிறது, அதைச் சொன்னால் நிறுத்திவிடுவார்களோ, சொல்லாவிட்டால் செத்துவிடுவேனோ. பின்னால் காகிதம் புரட்டும் சத்தம். என் பழைய ஃபைல்.

ஐயா, முதல் தடவை நீர் எடுத்தது சனிக்கிழமை, லேபில் வாங்கினது திங்கள் காலை என்று போட்டிருக்கிறதே, ஏன் என்று கேட்கிறார் டாக்டரம்மா. இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று எனக்குத் தெரியும். கூட வந்தவர் தாமதம் பண்ணிவிட்டார் என்றேன் தலையணைக்குள். இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். நாக்கில் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. செல்கள் சிதைந்துவிட்டன, திரும்ப எடுத்து அனுப்பவும் என்று அப்போதே இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள், யாரும் படித்துச் சொல்லவில்லையா என்கிறார். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். புற்று என்று எழுதவில்லையே என்று முதல் தடவை நீர் எடுத்த வீட்டுப் பக்கத்து நர்சிங் ஹோமில் சந்தோஷமாகச் சொன்னார்கள், நெஞ்சில் நீர் கோத்தால் நம் ஊரில் முக்கால்வாசி டிபிதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம். காலையில் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை, சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும். அந்தக் கலரைப் பார்த்து நோய்தான் கரைந்து போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீர் திரும்ப ஏறியது, அப்புறம்தான் இங்கே வந்தேன். அந்த சனிக்கிழமை மட்டும் பாட்டில் நேராகப் போயிருந்தால். மதியம் ஒன்றரைக்கு நாச்சிமுத்து பாட்டிலை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திங்கள் காலை கொண்டுபோய்க் கொடுத்தார், இவ்வளவு லேட்டா என்று லேபில் திட்டினார்களாம். சித்திரை வெயில். இடையில் அவர் வீட்டில் இருந்தது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றாராம், தயிரும் இட்லி மாவும் இருக்கிற இடத்தில் அண்ணன் உடம்பிலிருந்து எடுத்ததை எப்படி வைப்பது என்று மயிலாத்தாள் தடுத்துவிட்டாளாம். மோட்டார் ரூமில் வைத்தார்கள். என் தண்ணீரை, பீளமேட்டுக்காரன் மாட்டின மோட்டாருக்குப் பக்கத்தில். மயிலாத்தாள் மகளின் வளைகாப்பில் நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க நான் சொன்னேன், இந்த ஆள் வாளி தூக்குகிறார், என் உயிரை மோட்டார் ரூமில் வைத்த ஆள் இவர்தான் என்று. அவர் கையில் ரசவாளி. அடுத்த இலைக்குப் போய் ரசம் ஊற்றினார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வார் என்று அந்த ரசவாளி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசம் வந்தது தெரியவில்லை. அவருக்கு ஒரு போன் வந்தது, அந்தச் சனிக்கிழமை, இரண்டு மணிக்கு, அவினாசி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது.

எண்ணூறு என்கிறது செருப்பு. செருப்பு பேசாது, சிஸ்டர் பேசுகிறார், ஆனால் எனக்குத் தெரிவது செருப்புதான். ஜாடியில் நுரை கட்டி நிற்கிறது. என் உடம்புச் சூடு அதில் இருக்கும். ஒன்றரை லிட்டருக்கு மேல் ஒரே நாளில் எடுக்கக் கூடாதாம், மாதக்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளுமாம். எடுக்காவிட்டாலும் சாவு, வேகமாக எடுத்தாலும் சாவு. எடுத்த பிறகு நுரையீரல் விரிந்து விலாவோடு போய் ஒட்டினால், திரும்ப நீர் சேர இடமில்லாமல் உள்ளே ஒரு பவுடரைப் போட்டு ஒட்ட வைப்பார்கள். விரியாவிட்டால் விலாவில் ஒரு குழாயை நிரந்தரமாக வைத்து வீட்டிலேயே வடிக்க வேண்டும். கேட் வால்வு வைத்த மனிதனாகத் திரிய வேண்டும். யார் வந்து தினம் வால்வு திறந்து விடுவார்கள், மயிலாத்தாளா, இட்லி மாவுப் பக்கத்தில் வைக்க விடாதவளா. அவர் செய்வார். அந்த ஆள் செய்வார், மூஞ்சி சுளிக்காமல், அதுவும் எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. டாக்டரம்மா பின்னாலிருந்து ஏதோ சொல்கிறார், எனக்குச் சொல்வது போலவும் சிஸ்டருக்குச் சொல்வது போலவும். சாம்பிளைச் சுடச்சுடக் கொடுத்திருந்தாலும் முதல் தடவையிலேயே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் தெரியும் என்று. அப்படியென்றால் காரியம் கெட்டது அந்தத் தாமதத்தால்தானா இல்லையா. யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த ஐந்து மாதத்தை யார் தலையில் கட்டுவது. போன் வந்தது அவருக்கு. வந்தது என்றால், நான் பண்ணினேன். நான்தான். நர்சிங் ஹோம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, எதிரே சுவரில் தேதிக் காலண்டர், அஷ்டமி என்று போட்டிருந்தது, நாளைக்கு நவமி. மாப்ள, இன்னிக்குக் கொடுக்காதீங்க, திங்கக்கிழமை தசமி, அன்னைக்குக் கொடுங்க என்றேன். சீக்கிரம் கொடுக்கச் சொன்னாங்களே மச்சான் என்றார். நான் சத்தம் போட்டேன். என் உடம்பு, என் தண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க என்றேன். சரிங்க மச்சான் என்றார். அஷ்டமி பொய் இல்லை. எந்த வீட்டிலும் அஷ்டமியில் நான் மோட்டார் இறக்கியதில்லை. ஆனால் அது மட்டும் இல்லை, இப்போது முதுகில் ஊசி இருக்கும்போது எதற்குப் பொய், பாட்டில் கதவைத் தாண்டிப் போனதும் அதைத் திரும்பக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அது போய்ச் சேர்ந்தால் தெரிந்துவிடும். போய்ச் சேராத வரைக்கும் நான் நோய் இல்லாதவன். இரண்டு நாள். இரண்டே நாள் சும்மா இருக்க ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வரச் சொல்லிச் சாப்பிட்டேன்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூட. மயிலாத்தாளுக்குத் தெரிந்திருந்தால் வளைகாப்பிலேயே என் மானம் போயிருக்கும். அவளுக்குத் தெரிந்தது வேறொன்று, போன மாதம் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது சொன்னாள். மோட்டார் ரூமில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து அதில் பாட்டிலைக் கழுத்தளவு இறக்கி வைத்திருந்தாராம் அவர். தண்ணீர் சூடேறச் சூடேற மோட்டாரைப் போட்டு ஆழத்துத் தண்ணீர் பிடித்து மாற்றினாராம். ராத்திரிக்கும் எழுந்து போனாராம், இரண்டு நாளும். பைத்தியமாட்ட அந்த வாளியவே பாத்துட்டு உக்காந்திருந்தாருங்ணா என்றாள். எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. உப்பு ஜாஸ்தி என்று திட்டி அனுப்பினேன். இருமல். இருமல் வருகிறது. சொல்ல வேண்டும், முன்னாலேயே சொல்ல வேண்டும், இரு, அடக்கு, அடங்கவில்லை, நெஞ்சுக்குள் எதையோ கிழித்துப் பிரிக்கிற மாதிரி, பழைய தார்ப்பாயை வெயிலில் போட்டு இழுத்துப் பிரிக்கிற மாதிரி, அம்மா, டாக்டரம்மா. நிறுத்துங்கள் என்று அவர் சிஸ்டரிடம் சொல்வது கேட்கிறது. கை என் தோளை அழுத்திப் பிடிக்கிறது. செத்துப்போகிறேன் என்று நினைக்கிறேன், இந்த வெள்ளைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே போகப்போகிறேன், அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார், என் வார்த்தை அவர் மேல் அப்படியே நிற்கும், நான் போன பிறகு காரியத்துக்கு வருகிறவனெல்லாம் அவரைப் பார்த்து அதைச் சொல்வான், அவர் ரசவாளியோடு அடுத்த இலைக்குப் போவார். இருமல் நிற்கவில்லை. நிற்கிறது. மறுபடி ஒன்று. நுரையீரல் விரிகிறது ஐயா, அதுதான் இருமல், நல்லதுதான் என்கிறார் டாக்டரம்மா. ஆயிரத்து இருநூறு, இன்றைக்குப் போதும். ஊசி வெளியே வருகிறது, பஞ்சு, பிளாஸ்திரி. விலாவின் கீழ்ப்பக்கம், மாதக்கணக்கில் எதுவும் போகாத மூலைக்கு, கொஞ்சம் காற்று போய்த் தொடுகிறது. வலிக்கிறது.

சிஸ்டர் கதவைத் திறந்து நாச்சிமுத்துவை உள்ளே கூப்பிட்டார். நான் தலையைத் திருப்பினேன், அசையலாம் இப்போது. அறுபது வயது ஆள், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அவர் முதலில் பார்த்தது என்னை இல்லை, ஜாடியை. பார்த்ததும் முகம் வெளுத்தது. தெர்மோகோல் டப்பாவில் ஐஸ், ஐஸுக்கு நடுவில் பாட்டில், என் பெயர் எழுதின சீட்டு. வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பத்து ஐம்பது. வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம். இன்று காலை என் வீட்டுக் காலண்டரில் தாளைக் கிழிக்காமலே வந்திருந்தேன், என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கப் பயந்து. ஆனால் கிழமை தெரியாமல் இருக்க முடியவில்லை. அவர் நகரவில்லை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"பன்னெண்டு தாண்டி எடுத்துட்டுப் போகட்டுங்களா மச்சான்?"

எதற்குப் பன்னிரண்டு, உடனே போக வேண்டும் என்று சொன்னேனே, போன தடவை பண்ணின மாதிரியே பண்ணுவீர்களா என்று டாக்டரம்மா அவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். டப்பாவைப் பிடித்த விரல்கள் இறுக்கத்தில் வெளுத்துக் கிடந்தன. இப்போதும் சொல்ல மாட்டார். பன்னிரண்டு என்று நான் தலையை ஆட்டினால் போதும், அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் ஐஸை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், திட்டையும் வாங்கிக்கொள்வார். எனக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும், தெரியாமல் இருக்க.

"இவரு மேல தப்பில்லைங்க டாக்டரம்மா. அன்னைக்கும் நான்தான் போன் பண்ணி நிறுத்தினேன்." மூச்சு அதற்கு மேல் வரவில்லை. கொஞ்சம் பிடித்து வைத்து மிச்சத்தைச் சொன்னேன். "நீங்க போங்க மாப்ள. இப்பவே போங்க."

அவர் என்னைப் பார்த்தார். என்ன பார்வை என்று சொல்லத் தெரியவில்லை. சரிங்க மச்சான் என்றார். அன்றைக்குப் போனில் சொன்ன அதே சரிங்க மச்சான். வெறுங்காலோடு வேகமாகப் போனார், பிறகு வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம், படிக்கட்டில் சத்தம். என்னைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். ஸ்டாண்டு எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு உதை. இரண்டு. மூன்று. நான் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிஷம் போய்விட்டது. நாலு. ஐந்து. டப்பாவை எங்கே வைத்திருப்பார், காலுக்கு நடுவிலா, வெயிலிலா.

சிஸ்டர், ஜன்னல் கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லுங்க, சோக்கை இழுத்துட்டு உதைக்கச் சொல்லுங்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. சோக், சோக், மாப்ளகிட்ட மச்சான் சொன்னேன்னு சொல்லுங்க என்றேன். அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். கீழே உதை நின்றது. பிறகு ஒரு உதை. இன்னொரு உதை. பிடித்தது. ஒரு தடவை திணறி, இருமி, சீராக ஓடியது. கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி மற்ற சத்தங்களோடு சேர்கிற வரைக்கும் அந்தச் சத்தத்தின் கூடவே போனேன். அப்புறம் கேட்கவில்லை. மெதுவாக, வலிக்கிற வரைக்கும், மூச்சை இழுத்தேன்.